கிறிஸ்துமஸை எந்த ஊரில் எப்படிக் கொண்டாடுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்துமஸ் என்றதும் பனி, அலங்கரித்த மரம், சிவப்பு உடைத் தாத்தா என்று ஒரே படம்தான் பலருக்கும் மனசில் வரும். அந்தப் படம் உலகத்தில் ஒரு சின்ன மூலைக்குத்தான் சொந்தம். மற்ற இடங்களில் வைக்கோல் பரப்புகிறார்கள், பானை உடைக்கிறார்கள், விடிகாலை 4 மணிக்குக் கோயிலுக்குப் போகிறார்கள், கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். இந்தப் பண்டிகையில் என்னை அதிகமாகத் தொடுவது அந்த ஒரு நாளைவிட அதற்கு முன்னால் இருக்கிற காத்திருப்புதான். அதனால் கீழே உள்ள பதில்களில் அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்திருப்பேன்.

எல்லா நாடுகளிலும் கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-தானா?

தேதி ஒன்றுதான், நாட்காட்டிதான் வேறு. 1582-ல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். இன்று உலகம் முழுக்கப் புழங்குவது அந்தத் திருத்திய நாட்காட்டி. ஆனால் ரஷ்யா, செர்பியா, ஜார்ஜியா போன்ற நாடுகளின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் வழிபாட்டுக்குப் பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்துக்கொண்டன. இரண்டுக்கும் இப்போது 13 நாள் வித்தியாசம். பழைய கணக்கின் டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களுக்கும் எத்தியோப்பியர்களுக்கும் சொந்த நாட்காட்டிகள் உண்டு. அவர்களுக்கும் ஜனவரி 7-தான் வருகிறது. இந்த 13 நாள் இடைவெளி 2100-ல் 14 ஆகிவிடும். அப்போதும் பழைய நாட்காட்டியை விடாமல் இருப்பவர்களுக்குப் பண்டிகை ஜனவரி 8-க்கு நகரும்.

எல்லா ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் இப்படி இல்லை. கிரீஸ், ருமேனியா, பல்கேரியா எல்லாம் டிசம்பர் 25-ல்தான் கொண்டாடுகின்றன. உக்ரைன் 2023-ல் சட்டம் போட்டு அரசு விடுமுறையை ஜனவரி 7-லிருந்து டிசம்பர் 25-க்கு மாற்றியது. ரஷ்யத் திருச்சபையின் கணக்கிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்ற எண்ணம் அந்த மாற்றத்தில் வெளிப்படையாகவே இருந்தது.

ஆர்மீனியர்கள் இன்னும் பழைய வழக்கம் ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இயேசுவின் பிறப்பும் ஞானஸ்நானமும் அவர்களுக்கு ஒரே திருவிழா, ஜனவரி 6. எருசலேமில் உள்ள ஆர்மீனியர்கள் அதையும் ஜூலியன் கணக்கில் பார்ப்பதால் ஜனவரி 18 இரவும் 19-ம் கொண்டாட்டம். ஆக, இயேசு பிறந்த இடமாக வணங்கப்படும் பெத்லகேமில் ஒரே ஆலய வளாகத்தில் சில வாரங்களுக்குள் மூன்று முறை கிறிஸ்துமஸ் வருகிறது.

பைபிளில் இந்தத் தேதி இருக்கிறதா?

இல்லை. மத்தேயு, லூக்கா இருவரும் பிறப்பைச் சொல்கிறார்கள், நாளைச் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு ரோமில் 354-ல் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி ஏட்டில் இருக்கிறது. அதிலுள்ள அந்தப் பட்டியல் 336-ஐச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

பல நாடுகளில் 24-ம் தேதி இரவுதான் பெரிசு என்கிறார்களே, ஏன்?

பழைய வழிபாட்டு முறையில் திருநாள் முந்தின நாள் பொழுது சாய்ந்ததுமே தொடங்கிவிடும். யூத மரபிலிருந்து வந்த கணக்கு அது. அதனால் ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா, போலந்து, பெரும்பாலான லத்தீன் அமெரிக்க நாடுகள் எல்லாவற்றிலும் குடும்ப விருந்தும் பரிசும் 24 இரவிலேயே நடந்துவிடும். 25 என்பது ஓய்வு, உறவினர் வீட்டுப் பயணம். காலையில் எழுந்து பரிசைப் பிரிக்கும் பழக்கம் பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கா வழி வந்தது.

போலந்தில் சாப்பாட்டு மேஜையில் ஒரு இடத்தைக் காலியாக விடுகிறார்களாமே?

ஆமாம். எனக்கு எல்லாக் கிறிஸ்துமஸ் வழக்கங்களிலும் மிகவும் பிடித்தது இந்தப் போலந்து இரவுதான். அதற்குப் பெயர் விகிலியா, அதாவது விழித்திருத்தல். டிசம்பர் 24 முழுக்க வீட்டில் சமையல் நடக்கும், ஆனால் யாரும் வயிறாரச் சாப்பிட மாட்டார்கள். சாயங்காலம் ஆனதும் குழந்தைகள் ஜன்னலில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். முதல் நட்சத்திரம் கண்ணில் பட்டால்தான் பந்தி. பெத்லகேம் நட்சத்திரத்தின் நினைவு அது.

வெள்ளை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல் இருக்கும், தொழுவத்தின் ஞாபகமாக. முதலில் சாப்பாடு இல்லை. ஓப்வாதெக் என்று ஒரு மெல்லிய அப்பம், தேவாலய வழிபாட்டில் கொடுக்கும் நற்கருணை அப்பம் போலவே மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்டது. பிறப்புக் காட்சி அதில் அச்சாகப் பதிந்திருக்கும். ஒவ்வொருவரும் தன் கையில் இருப்பதை மற்றவரிடம் நீட்டுவார்கள். அவர் ஒரு துணுக்கு உடைத்துக்கொண்டு இவருக்கு வாழ்த்துச் சொல்வார், இவரும் அதே மாதிரி. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரிடமும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். வருஷம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாதவர்களும் அன்றைக்கு எதிரெதிரே நின்றுதான் ஆக வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கடித உறைக்குள் இந்த அப்பத்தை வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு.

அப்புறம் 12 வகை உணவு, 12 அப்போஸ்தலர்களின் கணக்கு. இறைச்சி கிடையாது. பீட்ரூட் சூப், காளான் பொதிந்த கொழுக்கட்டைகள், ஹெர்ரிங் மீன், கெண்டை மீன், உலர்ந்த பழங்களைக் கொதிக்க வைத்த பானம், கசகசா இனிப்பு என்று போகும். காலியாக இருக்கும் அந்த ஒரு இடத்தில் தட்டும் கரண்டியும் வைத்திருப்பார்கள். எதிர்பாராமல் கதவைத் தட்டும் வழிப்போக்கனுக்கு அது. அந்த வருஷம் இறந்துபோன ஒருவரை நினைத்தும் வைப்பார்கள். எந்த அர்த்தத்தில் வைத்தாலும் சாப்பிட உட்காருகிற எல்லோர் கண்ணும் ஒரு தடவையாவது அந்தத் தட்டின் மேல் போய் வரும்.

வீட்டுக்குள் வைக்கோலும் கதிரும் கொண்டுவருவது வேறு எங்கே?

உக்ரைனில் திதுக் என்று ஒரு கதிர்க்கட்டு. அறுவடையில் எடுத்து வைத்த கோதுமைக் கதிர்களை அழகாகக் கட்டி, கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை வீட்டின் மரியாதையான மூலையில் நிறுத்துவார்கள். முன்னோர்களின் ஆவி அதில் வந்து தங்குவதாக நம்பிக்கை. விருந்தின் முதல் உணவு குத்யா, வேகவைத்த கோதுமையில் தேனும் கசகசாவும் சேர்த்தது. இறந்தவர்களுக்காக அதில் கொஞ்சம் இரவு முழுக்க மேஜையிலேயே விட்டுவைப்பார்கள்.

செர்பியாவில் ஜனவரி 6 காலை இளம் ஓக் மரக்கிளையை வெட்டி வந்து மாலையில் தீயில் இடுவார்கள். மறுநாள் காலை வீட்டுக்கு வரும் முதல் விருந்தாளி அந்த நெருப்பைக் கிளறி, பொறி எத்தனை பறக்கிறதோ அத்தனை ஆடு மாடு, அத்தனை மகிழ்ச்சி என்று வாழ்த்துவார். பண்டிகை ரொட்டிக்குள் ஒரு நாணயம் மறைத்துச் சுடுகிறார்கள். அது யார் துண்டில் வருகிறதோ அவருக்கு அந்த வருஷம் யோகம்.

குடில் வைக்கும் வழக்கம் எப்படி வந்தது?

1223-ல் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலை ஊரில் அசிசி நகரப் பிரான்சிஸ் ஒரு குகையில் தீவனத் தொட்டி வைத்து, வைக்கோல் நிரப்பி, உயிருள்ள மாடும் கழுதையும் கொண்டுவந்து நிறுத்தி, அங்கே கிறிஸ்துமஸ் திருப்பலி என்ற வழிபாட்டை நடத்த ஏற்பாடு செய்தார். அதற்கு முன்பும் பிறப்புக் காட்சியை ஓவியமாகவும் சிற்பமாகவும் செய்ததுண்டு. ஆனால் சாதாரண ஜனங்கள் நேரில் நின்று பார்க்கிற மாதிரி, அவர்கள் வாழ்க்கைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது அவர்தான். பிறந்தவர் எவ்வளவு ஏழையாகப் பிறந்தார் என்பதைக் கண்ணால் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரும் குடிலுக்குள் தன்னையே வைத்துக்கொண்டது. நேப்பிள்ஸ் நகரில் 18-ம் நூற்றாண்டிலேயே குடில் என்பது முழுக் கடைத்தெருவாக வளர்ந்துவிட்டது. மீன்காரர், பீட்சா சுடுகிறவர், தூங்குகிற மேய்ப்பன், சத்திரக்காரர் எல்லோரும் உண்டு. அங்கே சான் கிரிகோரியோ அர்மேனோ தெருவில் இன்றும் வருஷம் முழுக்கக் குடில் பொம்மைகள் செய்து விற்கிறார்கள்.

பிரான்ஸின் புரொவென்ஸ் பகுதியில் நடந்தது இன்னும் சுவையானது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலயங்கள் மூடப்பட்டன, பொதுக் குடில்களுக்கு வழியில்லை. ஜனங்கள் களிமண்ணில் சின்னச் சின்ன உருவங்கள் செய்து வீட்டுக்குள் குடில் வைக்கத் தொடங்கினார்கள். அவற்றின் பெயர் சாந்தோன், சின்னப் புனிதர் என்று பொருள். கத்தி சாணை பிடிப்பவர், ரொட்டிக்காரர், பார்வையற்றவர் எல்லாம் குழந்தையைப் பார்க்க வருகிறார்கள். ஒருவர் மட்டும் கையில் எதுவும் இல்லாமல், இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆச்சரியப்பட்டு நிற்கிறார். கொடுக்க ஒன்றும் இல்லாதவருக்கு அந்த வியப்புதான் காணிக்கை. மார்செய் நகரில் சாந்தோன் சந்தை 1803-லிருந்து நடக்கிறது.

ஸ்பெயினின் கட்டலோனியாவில் குடிலின் ஒதுக்குப்புறத்தில் சிவப்புக் குல்லாய் போட்ட விவசாயி ஒருவர் குந்தி உட்கார்ந்து மலம் கழித்துக்கொண்டிருப்பார். பார்க்கிறவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். அங்கே அதில் அவமரியாதை எதுவும் இல்லை. மண்ணுக்கு எரு போடுவதாகவும் அடுத்த வருஷ விளைச்சலுக்கு நல்ல சகுனமாகவும் எடுத்துக்கொள்கிறார்கள்.

லெபனானில் இதற்கு ஒரு பசுமையான வடிவம் உண்டு. டிசம்பர் தொடக்கத்தில் பஞ்சை நனைத்து அதில் கோதுமை, பயறு, கொண்டைக்கடலை விதைப்பார்கள். கிறிஸ்துமஸுக்குள் அது நன்றாக முளைத்து நிற்கும். அந்தப் பயிர்தான் குடிலைச் சுற்றிப் புல்வெளி. அங்கே பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மெக்லி என்ற அரிசிமாவுக் கூழைக் கரும்பழுப்பாகக் காய்ச்சிக் கொடுப்பது வழக்கம். பட்டையும் சோம்பும் போட்டு மேலே பருப்பு வகைகளைத் தூவுவார்கள். அதையே கிறிஸ்துமஸ் அன்றும் செய்கிறார்கள். பிள்ளை பிறந்திருக்கிறதே!

கிறிஸ்துமஸ் மரம் எந்த நாட்டுப் பழக்கம்?

ஜெர்மன் பேசும் பகுதிகளுடையது. 1605-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் வீடுகளுக்குள் ஃபிர் மரம் வைத்து, அதில் காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிய அப்பம் தொங்கவிட்டதாக ஒரு குறிப்பு இருக்கிறது. விக்டோரியா ராணியும் ஜெர்மானியரான இளவரசர் ஆல்பர்ட்டும் குழந்தைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகுதான் பிரிட்டனில் அது வீட்டுக்கு வீடு பரவியது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் மரத்தை 1947-லிருந்து ஒவ்வொரு வருஷமும் ஆஸ்லோ நகரம் அனுப்புகிறது, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக.

மரம்தான் வேண்டும் என்றில்லை. கிரீஸில் சிறிய படகை விளக்குகளால் அலங்கரிப்பார்கள், கடலோடிகளின் நாடு. ஜார்ஜியாவில் ஹேசல் கொம்பை மேலிருந்து கீழாகச் சீவிச் சீவிச் சுருள் சுருளாகத் தாடி மாதிரி விட்டு சிச்சிலாகி என்ற வெள்ளை மரம் செய்கிறார்கள். பண்டிகை முடிந்ததும் அதை எரித்துவிடுவார்கள், போன வருஷத்துத் துன்பமும் அதோடு போகட்டும் என்று.

அட்வென்ட் என்றால் என்ன? எதற்கு நான்கு மெழுகுவத்தி?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்புக் காலம் அட்வென்ட். தமிழில் திருவருகைக் காலம் என்பார்கள். 1839-ல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்த யோகான் ஹின்ரிக் விகர்ன் என்ற போதகரிடம் பிள்ளைகள் தினமும் "கிறிஸ்துமஸ் எப்போ?" என்று கேட்டு நச்சரித்தார்கள். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்தியும் மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவத்திகளும் நட்டு வைத்தார். நாளுக்கு ஒன்று ஏற்றினால் எவ்வளவு மிச்சம் என்று பிள்ளைகளே எண்ணிக்கொள்ளலாம். இன்று பார்க்கிற நான்கு மெழுகுவத்தி வளையம் அதன் சுருங்கிய வடிவம். கதவு கதவாகத் திறக்கும் காலண்டரும் இதே ஜெர்மன் ஆர்வத்தில் பிறந்ததுதான்.

பிலிப்பைன்ஸில் செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுமாமே?

உண்மைதான். பெயர் "பர்" என்று முடிகிற மாதம் வந்துவிட்டால் கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்கத் தொடங்கிவிடும். ஆனால் வழிபாட்டு முறைப்படி முக்கியமானது டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் நடக்கும் சிம்பாங் கபி. விடிவதற்கு முன், பல இடங்களில் 4 மணிக்கே, திருப்பலி. ஸ்பானியர் காலத்தில் விவசாயிகள் வயலுக்குப் போகுமுன் வந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்த நேரம். ஒன்பது நாளும் விடாமல் வந்தால் மனசில் நினைத்தது நடக்கும் என்கிறார்கள். கோயில் வாசலில் வாழையிலையில் சுட்ட பிபிங்காவும் மூங்கில் குழாயில் அவித்த ஊதா நிறப் புட்டோ பும்போங்கும் சூடாக விற்கும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருகிற பிள்ளைகளுக்குப் பாதி ஆசை அதில்தான்.

ஐந்து முனை நட்சத்திர விளக்குக்குப் பெயர் பாரோல். முன்பு மூங்கிலும் காகிதமும், இப்போது சிப்பியும் மின்விளக்கும். பம்பாங்கா மாகாணத்தின் சான் பெர்னாண்டோ நகரில் ஆள் உயரத்தைப்போல் பல மடங்கு பெரிய விளக்குகள் போட்டி போடும். ஆயிரக்கணக்கான பல்புகள் இசைக்கு ஏற்ப ஆடும். அதன் மூளை ஒரு பெரிய இரும்பு உருளை. உருளையின் மேல் ஒட்டுத்தாளை வெட்டி வெட்டி ஒட்டியிருப்பார்கள், தலைக்குக் குத்தும் கொண்டை ஊசிகள் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். கையால் உருளையைச் சுழற்றும்போது தாள் இல்லாத இடத்தில் ஊசி இரும்பைத் தொடும், அந்தக் கணம் அந்த வரிசை எரியும். மாதக்கணக்கில் அந்தத் தாளை வெட்டி ஒட்டுகிறவர்களின் பொறுமையை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

மெக்சிகோவின் போசாதாஸ் என்பது என்ன?

போசாதா என்றால் சத்திரம். பிள்ளைப்பேறு நெருங்கிய மரியாளும் யோசேப்பும் தங்க இடம் கேட்டு அலைந்ததை டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது மாலைகளில் தெருவில் நடித்துக் காட்டுகிறார்கள். ஒரு கூட்டம் மெழுகுவத்தியோடு வாசலில் நின்று பாட்டாகவே இடம் கேட்கும். உள்ளே இருக்கும் கூட்டம் பாட்டாகவே மறுக்கும்: நேரமாகிவிட்டது, நீங்கள் திருடர்களாகக்கூட இருக்கலாம், போங்கள். இப்படி மாறி மாறி நடந்து கடைசியில் வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் கதவு திறக்கும், எல்லோரும் உள்ளே போவார்கள். எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள்தான், நடிப்பு என்று தெரியும். இருந்தாலும் ஒன்பது நாளும் முதலில் "இல்லை" என்று சொல்லிப் பார்க்கிறார்களே, அதில்தான் இதன் கூர்மை இருக்கிறது. 1587-ல் மெக்சிகோ நகருக்குப் பக்கத்தில் அகோல்மான் மடத்துத் துறவிகள் தொடங்கிய ஒன்பது நாள் திருப்பலிதான் இதற்கு வேர் என்று கருதப்படுகிறது.

உள்ளே போனதும் பினியாட்டா உடைப்பு. காகிதம் ஒட்டிய மண்பானை, சுற்றிலும் ஏழு கூம்புகள், ஏழு பாவங்களுக்கு ஏழு. கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால் அடிக்க வேண்டும், கண்கட்டு விசுவாசத்தைக் குறிக்கிறது. உடைந்தால் வேர்க்கடலை, கரும்பு, ஆரஞ்சு, மிட்டாய் கொட்டும்.

கிறிஸ்துமஸ் பூ என்று உலகம் முழுக்க விற்கிற சிவப்புச் செடியும் மெக்சிகோவுடையதுதான். அந்த நாட்டுப் பழங்குடி மொழியான நாவாட்டில் அதன் பெயர் குவெட்லாசோசிட்ல். சிவப்பாகத் தெரிவது இதழ் இல்லை, இலை. நடுவில் இருக்கும் சின்ன மஞ்சள் மொட்டுகள்தான் பூ. 1820-களில் அமெரிக்கத் தூதராக அங்கே இருந்த பாயின்செட் அதைத் தன் நாட்டுக்கு அனுப்பியதால் ஆங்கிலத்தில் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது.

எத்தியோப்பியாவில் எப்படி?

அங்கே பண்டிகையின் பெயர் கென்னா. அதற்கு முன் 40 நாளுக்கும் மேல் நோன்பு: இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. ஜனவரி 6 இரவு முழுக்கத் தேவாலயத்தில் நின்றபடி வழிபாடு. வெள்ளைப் பருத்தி ஆடை போர்த்தியவர்கள் கையில் மெழுகுவத்தியோடு நிற்க, குருக்கள் மேளத்துக்கும் உலோகக் கிலுக்குக்கும் ஏற்ப மெல்ல அசைந்து பாடுவார்கள்.

இதன் உச்சத்தைப் பார்க்க லாலிபெலாவுக்குத்தான் போவார்கள். பாறையைக் குடைந்து செதுக்கிய 11 ஆலயங்கள் உள்ள ஊர். பலர் நாட்கணக்கில் நடந்தே வருகிறார்கள். திருநாள் காலையில் மரியாள் ஆலயத்தைச் சுற்றியுள்ள பாறை விளிம்பின் மேல் ஒரு வரிசைக் குருக்கள், கீழே குழிவில் ஒரு வரிசை. மேலே இருப்பவர்கள் வானதூதர்கள், கீழே இருப்பவர்கள் மண்ணின் மனிதர்கள். ஒரே பாட்டை மேலும் கீழுமாக வாங்கிக் கொடுத்துப் பாடுவார்கள். அந்த ஆலயங்களைக் கட்டியதாகப் போற்றப்படும் லாலிபெலா அரசரின் பிறந்தநாளும் அன்றுதான் என்பது அவர்கள் மரபு.

நோன்பு முடிந்ததும் காரமான கோழிக் குழம்பு, அதில் முழு முட்டை, கூடவே இஞ்செரா என்ற புளித்த மாவு அப்பம். அப்புறம் ஆண்பிள்ளைகள் வளைந்த கழியால் மரப்பந்தை அடித்து ஹாக்கி மாதிரி ஆடுவார்கள். இந்த ஆட்டத்துக்கும் கென்னா என்றுதான் பெயர். இயேசு பிறந்த செய்தி கேட்ட மேய்ப்பர்கள் சந்தோஷத்தில் கைத்தடியால் இதை ஆடினார்களாம்.

பரிசு கொண்டுவருவது எல்லா நாட்டிலும் கிறிஸ்துமஸ் தாத்தாவா?

இல்லவே இல்லை. நெதர்லாந்தில் சிண்டர்கிளாஸ், அதாவது 4-ம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியின் மைரா நகரில் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ். அவர் நவம்பரில் கப்பலில் வந்து இறங்குவார், டிசம்பர் 5 மாலை பரிசு. பிள்ளைகள் அவருடைய குதிரைக்காகக் காலணிக்குள் கேரட் வைப்பார்கள். அதே டிசம்பர் 5-ல் ஆஸ்திரியாவின் மலை ஊர்களில் கொம்பும் சடையும் வைத்த கிராம்புஸ் தெருவில் இறங்கிப் பிள்ளைகளை மிரட்டும். தெற்கு ஜெர்மனியில் பரிசு தருவது குழந்தை இயேசுவே. ஐஸ்லாந்தில் டிசம்பர் 12 முதல் 24 வரை இரவுக்கு ஒருவராக 13 குறும்புக்காரச் சகோதரர்கள் மலையிலிருந்து வருகிறார்கள். ஒருவர் கரண்டி நக்குவார், ஒருவர் கதவை அறைவார், ஒருவர் மெழுகுவத்தி திருடுவார். சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையின் காலணியில் உருளைக்கிழங்குதான் இருக்கும்.

ஸ்பெயினில் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ஞானிகள், அங்கே மூன்று ராஜாக்கள் என்பார்கள், ஜனவரி 5 இரவு. ஊர்வலமாக வந்து மிட்டாய் வீசுவார்கள். இத்தாலியில் அதே இரவு துடைப்பத்தில் பறந்து வருபவள் பெஃபானா கிழவி. அந்த மூன்று ஞானிகளும் வழி கேட்டு அவளையும் கூட வரச்சொன்னார்களாம். வீட்டு வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டாள். பிறகு மனசு கேட்காமல் தேடிப் போனாள், குழந்தையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுக் குழந்தையும் அந்தக் குழந்தையாக இருக்கலாமே என்று எல்லோருக்கும் ஏதாவது வைத்துவிட்டுப் போகிறாள். பரிசு கொண்டுவருகிற எல்லோரிலும் என் ஓட்டு இவளுக்குத்தான்.

தாத்தாவின் சிவப்பு உடை கோகோ கோலா கொடுத்ததா?

அப்படிச் சொல்வது தவறு. 1860-களிலிருந்தே ஓவியர் தாமஸ் நாஸ்ட் அமெரிக்க வார இதழில் அவரைத் தாடியும் தொப்பையுமாக வரைந்துவந்தார், சிவப்பு உடைப் படங்களும் அந்தக் காலத்திலேயே உண்டு. 1931-லிருந்து ஹேடன் சண்ட்ப்ளோம் அந்த நிறுவனத்துக்கு வரைந்த விளம்பரங்கள் அந்த உருவத்தை உலகம் முழுக்க நிலைநிறுத்தின, அவ்வளவுதான்.

வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் அந்த இருட்டை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

வெளிச்சத்தால்தான். சுவீடனில் டிசம்பர் 13 லூசியா தினம். பழைய நாட்காட்டியில் அதுதான் ஆண்டின் நீண்ட இரவு என்று எண்ணினார்கள். வெள்ளை அங்கியும் சிவப்பு இடைக்கச்சையும் அணிந்து, தலையில் மெழுகுவத்திக் கிரீடத்தோடு ஒரு பெண் முன்னே வர, மற்றவர்கள் பாடிக்கொண்டே பின்னால் வருவார்கள். இருட்டில் முதலில் குரல்தான் கேட்கும், பிறகுதான் வெளிச்சம். குங்குமப்பூ போட்ட பன்னும் காபியும் கூடவே வரும்.

ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் டிசம்பர் 24 நண்பகல் 12 மணிக்கு ஒரு மாடத்திலிருந்து கிறிஸ்துமஸ் சமாதானத்தை அறிவிக்கிறார்கள். 1320-களில் தொடங்கிய மரபு என்கிறார்கள். இந்தப் பண்டிகையை அமைதியாகக் கொண்டாடுங்கள், குலைக்கிறவருக்குத் தண்டனை கடுமையாக இருக்கும் என்பது அதன் சாரம். பிறகு சானா என்ற நீராவிக் குளியல், மாலையில் கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார்கள். பனிமேல் ஆயிரக்கணக்கான சுடர்கள், பேச்சுச் சத்தம் அதிகம் இருக்காது.

டிசம்பரில் வெயில் கொளுத்தும் நாடுகளில்?

ஆஸ்திரேலியாவில் கடற்கரையும் திறந்தவெளி விருந்தும்தான். 1937-ல் மெல்போர்ன் வானொலி அறிவிப்பாளர் நார்மன் பேங்க்ஸ், ஒரு வயதான பெண் தன் ஜன்னலோரம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தனியாக உட்கார்ந்து வானொலியோடு சேர்ந்து பாடுவதைப் பார்த்தார். அடுத்த வருஷமே பூங்காவில் எல்லோரும் மெழுகுவத்தி ஏந்திப் பாடும் நிகழ்ச்சியைத் தொடங்கினார். அது நாடு முழுக்கப் பரவி இன்றுவரை நடக்கிறது.

வெனிசுவேலாவின் கராகஸில் விடிகாலைத் திருப்பலிக்கு இளைஞர்கள் உருளும் காலணியில் சறுக்கிக்கொண்டு போவது பிரபலமான வழக்கம். வாழையிலையில் மடித்து வேகவைக்கும் அயாக்காவை அங்கே குடும்பம் முழுக்க வரிசையாக உட்கார்ந்து செய்வார்கள்.

பாக்ஸிங் டே குத்துச்சண்டை நாளா?

இல்லை, பெட்டி நாள். பிரிட்டனில் வேலைக்காரர்களுக்கும் வணிகர்களின் ஆட்களுக்கும் டிசம்பர் 26-ல் பெட்டியில் பணமோ பொருளோ கொடுத்த வழக்கத்திலிருந்து வந்த பெயர். பஹாமாஸில் அதே நாளுக்கு வேறு கனம் உண்டு. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களுக்குக் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் சில நாள் ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வில் அவர்கள் ஆடிப்பாடியதிலிருந்து வளர்ந்தது ஜங்கனூ. ஆட்டுத்தோல் மேளம், மாட்டு மணி, வண்ணக் காகித உடைகளோடு நசாவ் தெருக்களில் விடிகாலையிலிருந்து ஊர்வலம் நடக்கும்.

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் மிகக் குறைவுதானே?

நூற்றில் ஒருவர் அளவுதான், விடுமுறையும் இல்லை. காதலர்கள் வெளியே போகும் மாலையாக 24 மாறிவிட்டது. ஸ்ட்ராபெர்ரி வைத்த வெள்ளை கிரீம் கேக் கட்டாயம். 1974-ல் கே.எஃப்.சி. நாடு முழுக்கச் செய்த விளம்பரத்தால் வறுத்த கோழியும் சேர்ந்துகொண்டது.

கிறிஸ்துமஸைத் தடை செய்த நாடுகள் உண்டா?

உண்டு, தடுத்தவர்களில் கிறிஸ்தவர்களே பலர். பைபிளில் இல்லாத பண்டிகை, குடியும் கும்மாளமும் என்று சொல்லி இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்ட் பிரிவினரின் நாடாளுமன்றம் 1647-ல் ஒழித்தது. அந்த டிசம்பரில் கேன்டர்பரியில் கலகமே நடந்தது. 1660-ல் மன்னராட்சி திரும்பியதும் பண்டிகையும் திரும்பியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் டிசம்பர் 25 பொது விடுமுறையானது 1958-ல்தான். அதனால்தான் அங்கே புத்தாண்டு இரவு இன்னும் பெரிதாக இருக்கிறது. சோவியத் ஆட்சியில் மதப் பண்டிகைக்கு இடமில்லாமல் போனது. 1935-ல் மரம் மட்டும் புத்தாண்டு மரமாகத் திரும்பி வந்தது. கியூபாவில் 1969-ல் நீக்கிய விடுமுறை, போப்பின் வருகையை ஒட்டி 1997-ல்தான் திரும்பியது.

பண்டிகை எப்போது முடிகிறது?

கடைகளில் 26-ம் தேதியே முடிந்துவிடும். மரபுப்படி 12 நாள், ஜனவரி 6 வரை. அயர்லாந்தின் சில பகுதிகளில் அந்த ஜனவரி 6-க்குப் பெண்கள் கிறிஸ்துமஸ் என்று பெயர். இத்தனை நாளும் சமைத்த பெண்களுக்கு ஓய்வு, ஆண்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள, அவர்கள் தோழிகளோடு கூடி உட்காருவார்கள்.

மெக்சிகோவில் இன்னும் நீளும். ஜனவரி 6-ல் வெட்டும் வளைய ரொட்டிக்குள் சின்னக் குழந்தை பொம்மை ஒளிந்திருக்கும். ஏரோது அரசனிடமிருந்து குழந்தையை ஒளித்ததன் நினைவு. யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று, பிறப்புக்கு 40-ம் நாள், எல்லோருக்கும் தமாலே என்ற சோளமாவுப் பண்டம் செய்து போட வேண்டும். அன்று குடிலிலிருந்த குழந்தை இயேசுவை எடுத்து, புதுச் சட்டை போட்டு, கையில் ஏந்திக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்துத் திரும்புவார்கள். அதற்குப் பிறகுதான் குடிலைப் பிரிக்கிறார்கள்.